சைடு வேலை

என் கிட்டார் இரண்டு வருடங்களாக யார் காதிலும் விழவில்லை என்பது நிபோங் திபாலில் ஒரு கல்யாண விருந்தின்போதுதான் எனக்குத் தெரியவந்தது.

அப்போது நான் பினாங்கில் ஓர் இசைக்குழுவில் பதினான்காவது வருடமாக வாசித்துக்கொண்டிருந்தேன். கல்யாணம், கோயில் திருவிழா, கம்பெனி விருந்து என்று கூப்பிட்ட இடத்துக்குப் போய் சினிமாப் பாட்டு வாசிக்கிற குழு. இரண்டு பாடகர்கள், கீபோர்டு, தபேலா, டிரம்ஸ், நான். கீபோர்டு வாசிப்பவர்தான் தலைவர். அவரை எல்லாரும் மாஸ்டர் என்போம். வார நாட்களில் எனக்குப் பாலத்துக்கு அக்கரையில், பெருநிலத்தில், பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை. சனி, ஞாயிறில் கூப்பிட்டால் மேடை.

அன்று மதியம் முதல் சுற்று முடிந்து எல்லாரும் சாப்பிடப் போனார்கள். மூன்றாவது பாட்டில் ஓர் இடத்தில் நான் தாளம் தப்பிவிட்டேனோ என்று எனக்குச் சந்தேகம். மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் போனில் எடுத்திருந்த வீடியோவைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பாடகியின் குரல் கேட்டது. கீபோர்டு, டிரம்ஸ், தபேலா எல்லாம் கேட்டன. கூட்டத்தில் ஒரு குழந்தை அழுவதுகூடக் கேட்டது. திரையின் இடது ஓரத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். தலை ஆடுகிறது, கை ஏறி இறங்குகிறது. கிட்டார் மட்டும் இல்லை.

ஒலியமைப்பு பார்க்கிற அண்ணன் பந்தியின் கடைசியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அண்ணே, என் லைன் வேலை செய்யலையா?"

"செய்யுதும்மா."

"வெளிய வரலையே."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு நிமிராமல் சொன்னார். "மாஸ்டர்தான் மூடி வைக்கச் சொன்னாரு. கீபோர்டுலயே கிட்டார் சத்தம் இருக்கு, ரெண்டும் மோதுதுன்னாரு. உன் மானிட்டருக்கும் டிரம்ஸ் மானிட்டருக்கும் மட்டும் குடுக்கச் சொன்னாரு."

மானிட்டர் என்பது மேடையில் எங்கள் பக்கம் திருப்பி வைத்திருக்கும் சின்ன ஸ்பீக்கர். நாங்கள் வாசிப்பது எங்களுக்கே கேட்பதற்காக. அதில் நான் என்னைத் தெளிவாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

"எப்பருந்து?"

"புது கீபோர்டு வாங்குனாருல்ல, அப்பருந்து."

"அது வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சுண்ணே."

"ஆமா."

"அப்ப நான் எதுக்கு நிக்கிறேன்?"

"பொம்பளப் புள்ள கிட்டாரோட நின்னா மேடை எடுப்பா இருக்கும்பாரு. நான் சொன்னேன்னு சொல்லிராத லா. எனக்கு இந்த வேலை வேணும்."

சொல்ல மாட்டேன் என்றேன். எழுந்துபோய்க் கை கழுவினேன். நான் சாப்பிட்டிருக்கவே இல்லை, இருந்தாலும் கழுவினேன்.

இரண்டாவது சுற்றில் நான் கம்பியைத் தொடவில்லை. கம்பிக்கு ஒரு விரல் மேலே கையை வீசிக்கொண்டு ஏழு பாட்டுக்கும் நின்றேன். தலையையும் ஆட்டினேன். முடிந்ததும் பட்டுப் புடவை கட்டிய ஓர் அம்மா மேடைக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "கிட்டாரு ரொம்ப நல்லா இருந்துச்சு கண்ணு," என்றார். நன்றி சொன்னேன். வேறென்ன சொல்வது?

கவனித்தவர் ஒரே ஒருவர், டிரம்ஸ் வாசிப்பவர். அவருடைய மானிட்டரிலும் என் கிட்டார் வரும். அவரை நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். குயின் ஸ்ட்ரீட் பக்கம் அவர் குடும்பத்துக்கு ஒரு நாசி கண்டார் சோற்றுக் கடை உண்டு. வார நாட்களில் கல்லாவில் உட்கார்ந்திருப்பார், விரல்கள் மட்டும் மேசையில் தட்டிக்கொண்டே இருக்கும். திரும்பி வரும்போது வேனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏன் அடிக்கல?"

மெதுவாகச் சொன்னேன். முன் இருக்கையில் மாஸ்டர் தூங்கிக்கொண்டிருந்தார். பாய் முழங்காலில் விரலால் தட்டிக்கொண்டே கேட்டார். வேன் பாலத்தில் ஏறிக் கடல் தெரிந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"ஒங்கிட்ட சொந்தப் பாட்டு ஏதாச்சும் இருக்கா?"

"இருக்கு."

"எத்தனை?"

"நாலு," என்றேன். ஒன்றரைதான் இருந்தது.

அடுத்த ஞாயிறு, மதியக் கூட்டம் கலைந்த பிறகு, அவர் கடையின் மாடியில் அரிசி மூட்டை அடுக்கியிருக்கும் அறைக்குப் போனோம். நான்கு பக்கமும் மூட்டைகளைச் சுவர்போல் எழுப்பி நடுவில் டிரம்ஸ் போட்டார். அரிசி மூட்டை சத்தத்தை எவ்வளவு அழகாக உறிஞ்சும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பாட்டைப் பதிவு செய்த மடிக்கணினி என் கணவருடையது. பேஸ் கிட்டாரையும் நானே வாசித்தேன், நானே பாடினேன். கீழே சமையலறையின் காற்றாடி ஓடும் சத்தத்தை எங்களால் தடுக்க முடியவில்லை. மூன்றாவது பாட்டின் கடைசியில், "தே தாரிக் ரெண்டு, புங்குஸ்," என்று கடைக்காரர் ஒருவர் பார்சல் டீக்குக் கத்துவதும் பதிவாகியிருக்கிறது. வெட்டிவிடலாமா என்று பாய் கேட்டார். வேண்டாம் என்றேன். இரண்டு வருடம் என் சத்தத்தை ஒருவர் வெட்டியிருந்தார். இனி நான் எதையும் வெட்டுவதாக இல்லை.

பாட்டுகள் எல்லாம் எங்களைப் பற்றியவை. மேடையில் வாசித்துவிட்டுக் கடைசிப் பந்தியில் மிஞ்சிய குழம்பைப் பொட்டலம் கட்டி வாங்கிப் போவது பற்றி ஒன்று. பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போன முகம் தெரியாத பெண்ணைப் பற்றி ஒன்று. முதலில் எழுதி முடித்தது பாலத்துப் பாட்டு. பிறையில் வேலை, தீவில் வீடு. தினமும் சாயங்காலம் பாலத்தில் மாட்டிக்கொள்வேன். என் கணவர் கெலுகோரில் பல்கலைக்கழகத்து ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். எனக்கு முன்னால் வீடு திரும்பிச் சமைத்துவிடுவார். அதைத்தான் எழுதினேன்.

பாலத்துல ஜாம், நான் பாதிக் கடல் மேல
சோத்த மூடி வை, வந்துருவேன் மெல்ல

இவ்வளவுதான் பல்லவி. கிட்டாரில் சேர்த்துப் பிடிக்கும் சுரங்களை கார்டு என்போம், இதில் மூன்றே மூன்று கார்டு. முதலில் கிட்டார் தனியாக நாலு தட்டு தட்டும், உடனே டிரம்ஸ் சேர்ந்துகொள்ளும். இரண்டு நிமிடம் ஐம்பது நொடியில் முடிந்துவிடும். என் கணவர் கேட்டுவிட்டு, "என்னை சமையல்காரனா ஆக்கிட்ட," என்றார். மறுநாள் குளிக்கும்போது அதைத்தான் பாடிக்கொண்டிருந்தார்.

ஆறாவது பாட்டை எடுத்துக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் படியேறி வந்தார். கீழே சாப்பிட வந்தவருக்கு மேலே சத்தம் கேட்டிருக்கிறது. மூட்டைகளுக்கு நடுவில் எங்களைப் பார்த்ததும் சிரித்தார். ஒரு மூட்டையில் உட்கார்ந்து, "வாசிங்க, கேப்போம்," என்றார். பாலத்துப் பாட்டை வாசித்தோம்.

"யாரு பாட்டு?"

"என்னோடது மாஸ்டர்."

"நாலு கார்டுதானே?"

"மூணுதான்."

"சட்டுன்னு ஒட்டிக்கிது. அதான் பிரச்சனை. ஒட்டுறதெல்லாம் நல்ல பாட்டு இல்லம்மா. ஒரு ராகம் இல்ல, ஒரு சோகம் இல்ல. யாருக்கு இது?"

"கேக்குறவங்களுக்கு."

"நம்ம ஆளுங்க சினிமாப் பாட்டுதான் கேப்பாங்க. சரி, பொழுதுபோக்கா பண்ணு. ஆனா சைடு வேலை சைடுலயே இருக்கணும். மேடைக்கு வரக்கூடாது."

அவர் போன பிறகு பாய் என்னைப் பார்த்தார். "ஆல்பத்துக்குப் பேரு கெடச்சுருச்சு," என்றேன். 'சைடு வேலை' என்றே வைத்தோம்.

ஒட்டிக்கொள்வது ஒரு குறை என்று மாஸ்டர் சொன்னது எனக்குள் பல நாள் கிடந்தது. அவர் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் தமிழில் சொந்தமாகப் பாட்டு எழுதுகிறேன் என்றால் சாமியைப் பற்றி எழுதணும், இல்லாவிட்டால் தோட்டத்துக் கஷ்டத்தைப் பற்றி எழுதணும். என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பாலெடுக்கப் பால்மரம் வெட்டியவர். வெட்டிக்கொண்டே அவர் சோகப் பாட்டு பாடி நான் கேட்டதே இல்லை. இருப்பதிலேயே வேகமான பாட்டாகப் பாடுவார், கை ஓட வேண்டுமே. சிரித்துக்கொண்டு பாடுகிறவர்களுக்குக் கஷ்டம் தெரியாது என்று யார் முடிவு செய்தார்கள்?

ஒன்பது பாட்டும் முடிந்ததும் இணையத்தில் ஏற்றினோம். பாலத்துப் பாட்டை ஒரு வானொலி நிலையத்துக்கும் அனுப்பினேன். நான்கு நாளில் அங்கிருந்து ஒரு பெண் அழைத்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"சிஸ்டர், டியூன் சூப்பர். காலையிலருந்து வாயில அதான் வருது."

"நன்றிங்க."

"ரெண்டே ரெண்டு சேஞ்ச் பண்ணனும். ஜாம், புங்குஸ், காடி, இதெல்லாம் எடுத்துட்டு நல்ல தமிழா போட்டுருங்க. ஜாமுக்கு நெரிசல்னு போடலாம்ல? அப்புறம் குரல். தப்பா எடுத்துக்காதீங்க, கொஞ்சம் ஆன்ட்டி குரல் மாதிரி இருக்கு. சின்னப் பொண்ணு யாரையாச்சும் பாட வச்சு அனுப்புனா காலை ஷோவுலயே போட்டுருவோம்."

உடனே மறுக்கவில்லை. வானொலியில் வரும் ஆசை எனக்கும் இருந்தது. அந்த ஞாயிறு மூட்டைகளுக்கு நடுவில் நின்று, "பாலத்திலே நெரிசல்," என்று பாடிப் பார்த்தேன். 'ஜாம்' விழுகிற இடத்தில் ஒரே ஓர் அடிதான் இருக்கிறது. நெரிசல் அதற்குள் நிற்காமல் அடுத்த வரிமேல் போய் விழுந்தது. மூன்றாவது தடவை பாய் குச்சியைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

மறுநாள் வேலை இடைவேளையில் அந்தப் பெண்ணை அழைத்தேன்.

"மாத்தலைங்க."

"அவசரப்படாதீங்க சிஸ்டர், யோசிச்சு சொல்லுங்க."

"யோசிச்சிட்டேன். எனக்கு நாப்பத்து மூணு வயசு. ஆன்ட்டிதான். தெனமும் அந்தப் பாலத்துல நிக்கிறது இந்த ஆன்ட்டிதான். ஜாம்லதான் நிக்கிறேன். நெரிசல்ல நின்னதே இல்ல."

"சரிங்க," என்று அவர் வைத்துவிட்டார். பாட்டு வானொலியில் வரவில்லை. ஆனால் போனில் இருந்து போனுக்குப் போனது. என் தொழிற்சாலையில் காலை ஷிப்ட் முடிந்து போகிற மலாய்க்காரப் பெண் ஒருத்தி, வார்த்தை தெரியாமலே, "பாலத்துல ஜாம்," என்று பாடிக்கொண்டு என்னைக் கடந்து போனாள். அது என் பாட்டு என்று அவளுக்குத் தெரியாது. அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் இல்லை.

பிறகு அந்தக் கல்யாணம் வந்தது. பட்டர்வொர்த்தில் ஒரு மண்டபம், மதிய விருந்து. இரண்டு நாள் முன்னதாக மாஸ்டர் என்னை அழைத்தார்.

"பொண்ணு தீவு, மாப்பிள்ளை பெருநிலம். ரெண்டு வருஷமா பாலத்துலயே காதலிச்சாங்களாம். ஒன் பாட்டத்தான் வாசிக்கணும்னு பொண்ணு கேக்குது."

"வாசிப்போம் மாஸ்டர்."

"கீபோர்டுல கிட்டார் லைன் நான் எடுத்துக்கிறேன். நீ பாடு, எப்பயும் போல கிட்டாரோட நில்லு."

சரி என்று சொல்லவும் இல்லை, மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. கல்யாணத்தன்று வேனில் போகாமல் என் காடியை நானே ஓட்டிக்கொண்டு போனேன். பின் இருக்கையில் என் சொந்த ஆம்ப்பை வைத்திருந்தேன். அரிசி மூட்டை அறையில் வைத்து வாசிக்கும் ஸ்பீக்கர் பெட்டி, கைப்பெட்டி அளவுதான், ஆனால் சத்தம் அதிகம். மேடையில் என் இடத்துக்குப் பின்னால் வைத்து அதன்மேல் என் சால்வையைப் போட்டு மூடினேன். பாய் பார்த்தார். டிரம்ஸை என் பக்கம் கொஞ்சம் நகர்த்திப் போட்டார்.

பெண்ணும் மாப்பிள்ளையும் மேடை முன்னால் வந்து நின்றதும் மாஸ்டர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் கிட்டார் ஒயரை ஒலி மிக்சருக்குப் போகும் பெட்டியிலிருந்து பிடுங்கினேன். திரும்பி, சால்வையை எடுத்துவிட்டு என் ஆம்ப்பில் செருகினேன். மாஸ்டரின் விரல்கள் கீபோர்டில் இறங்குவதற்குள் நாலு தட்டையும் தட்டிவிட்டேன்.

அந்தச் சத்தம் மண்டபத்தின் பின்சுவரில் பட்டுத் திரும்பியது எனக்கே கேட்டது. சாப்பாட்டு மேசைகளில் தலைகள் நிமிர்ந்தன. ஒலியமைப்பு அண்ணன் கையை மிக்சரிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பாய் என்னோடு சேர்ந்துகொண்டார். மாஸ்டர் கீபோர்டில் கை வைத்தபடி, வாசிக்காமல் நின்றார். இரண்டாவது பல்லவியில் பெண்ணின் தோழிகள் பாடினார்கள், மூன்றாவதில் மேசைகளில் இருந்தவர்கள் பாடினார்கள். "சோத்த மூடி வை," என்று நானூறு பேர் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து பாடினால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

விருந்து முடிந்ததும் மாஸ்டர் வேனுக்குப் பக்கத்தில் எனக்காக நின்றுகொண்டிருந்தார். குரலை உயர்த்தவில்லை.

"என் மேடையில என்னைக் கேக்காம ஆம்ப் வச்சிட்ட."

"கேட்டா வைக்க விட்டுருப்பீங்களா?"

"ஒன்ன எவனும் சேத்துக்காதப்ப நான் சேத்துக்கிட்டேன். பொம்பளைக்கு எதுக்கு கிட்டாருன்னு கேட்டவங்களுக்கெல்லாம் நான்தான் பதில் சொன்னேன்."

அது உண்மை. முதல் வருடம் சில வீட்டார் ஆண் வாசிப்பவரைத்தான் கேட்டார்கள். அந்தப் பெண் இல்லாவிட்டால் குழுவே வராது என்று எனக்கு எதிரிலேயே அவர் சொல்லியிருக்கிறார்.

"அத நான் மறக்கல மாஸ்டர். ரெண்டு வருஷம் என் சத்தத்த மூடி வச்சதும் நீங்கதான். அதையும் மறக்கல."

அவர் முகம் மாறியது. "யாரு சொன்னா?"

"எந்தக் கல்யாண வீடியோவை வேணும்னாலும் போட்டுப் பாருங்க."

வெயில் கடுமையாக இருந்தது. அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "சத்தம் மோதுச்சும்மா," என்றார்.

"மோதுனா எங்கிட்ட சொல்லியிருக்கலாம். மாத்தி வாசிச்சிருப்பேன். இல்ல, வெலகி நின்னுருப்பேன். நான் வாசிக்கிறேன்னு நெனச்சுக்கிட்டே வாசிச்சேன் மாஸ்டர். ரெண்டு வருஷம்."

இனிமேல் வர வேண்டாம் என்றார். சரி என்றேன். காடியில் ஏறிக் கதவைச் சாத்தினேன். பத்து நிமிடம் சாவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். பதினான்கு வருடப் பழக்கம், அழுகை வந்தது. ஆனால் திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்கலாம் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை.

சில மாதம் கழித்து அவரே அழைத்தார். போகிற இடத்தில் எல்லாம் அந்தப் பாட்டைக் கேட்கிறார்களாம். வரச் சொல்லவில்லை. கேட்க அவருக்கு வாய் வரவில்லை என்று நினைக்கிறேன். கார்டை எழுதி அனுப்பச் சொன்னார்.

"அனுப்புறேன் மாஸ்டர். ஆனா கீபோர்டுல வைக்காதீங்க, அதுல வராது. கிட்டார் வாசிக்கிற ஆளாப் பாத்து சேத்துக்குங்க. அவங்களுக்கு நானே சொல்லிக் குடுக்கிறேன்."

"ஒனக்குத் திமிரு கூடிப்போச்சு."

"ஆமா மாஸ்டர்."

அவர் சிரித்தாரா, பெருமூச்சு விட்டாரா தெரியவில்லை. அன்றைக்கே கார்டை எழுதி அனுப்பினேன். மேலே, கிட்டாருக்கு மட்டும் என்று தடித்த எழுத்தில் எழுதினேன்.

பாயும் நானும் தனியாக வாசித்த முதல் நிகழ்ச்சி கெலுகோரில். என் கணவர் வேலை செய்யும் இடத்தில் ஒரு சிறிய அரங்கை ஏற்பாடு செய்திருந்தார். மாணவர்கள் வந்தார்கள், பாயின் கடை ஆட்கள் வந்தார்கள், என் தொழிற்சாலைப் பெண்கள் வந்தார்கள். நாற்காலி பாதிதான் நிறைந்தது. ஒன்பது பாட்டையும் வரிசையாக வாசித்தோம். பேஸ் வாசிக்க ஆள் இல்லாததால் இரண்டு பாட்டு கொஞ்சம் வெறுமையாகத்தான் இருந்தது. ஒரு பாட்டில் எனக்கு வரி மறந்து, முதல் சரணத்தையே இரண்டு முறை பாடினேன்.

முடிந்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார்.

"நல்லா இருந்துச்சும்மா. ஆனா நம்ம சமுதாயத்துக்கு ஏதாச்சும் கருத்து சொல்லலாமே. எல்லாம் ரொம்ப லேசா இருக்கு."

முன்பென்றால், அடுத்த தடவை பார்க்கிறேன் ஐயா என்று சொல்லியிருப்பேன்.

"லேசாத்தான் எழுதுனேன் ஐயா. கனமா எழுத வேற ஆளுங்க இருக்காங்க, அவங்க நல்லாவே எழுதுறாங்க. நீங்க அஞ்சாவது பாட்டுலருந்து காலால தாளம் போட்டீங்க, நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

அவர் தன் செருப்பைக் குனிந்து பார்த்தார். "அது சும்மா ஆடுச்சும்மா," என்றார்.

"அதுக்குத்தான் ஐயா எழுதுறேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பஸ் பாட்டு எந்தப் பஸ்ஸில் நடந்தது என்று கேட்டார். சொன்னேன். தானும் அந்தப் பஸ்ஸில்தான் முப்பது வருடம் பள்ளிக்கூடத்துக்குப் போனதாகச் சொல்லி, அங்கேயே நின்று எனக்கு ஒரு கதை சொல்ல ஆரம்பித்தார். பின்னால் பாய் டிரம்ஸைக் கழற்ற என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் கதையைக் கேட்டு முடித்துவிட்டுத்தான் போனேன்.